ஒசாகா வே: ஒரு சின்னத் தெருவும் அதைத் திருத்துகிறவர்களும்

சான் பிரான்சிஸ்கோவில் வாகனம் போகாத ஒரு சின்னத் தெரு இருக்கிறது. புக்கானன் வீதியில் போஸ்ட் வீதிக்கும் சட்டர் வீதிக்கும் இடையிலான ஒரேயொரு துண்டு. நடக்கத் தொடங்கினால் ரெண்டு மூண்டு நிமிசத்தில முடிஞ்சுவிடும். புக்கானன் மோல் என்றும் ஒசாகா வே என்றும் அதற்கு ரெண்டு பெயர். யப்பான்ரவுண் எனப்படும் பகுதியின் நடுவில், ரெண்டு பக்கமும் சின்னச் சின்னக் கடைகள், நுழைவில் தோரி வடிவத்தில் ஒரு வாயில், நிலத்தில் ஆறு மாதிரி வளைஞ்சு போகிற கற்கள், நடுவில் மடித்த காகிதம் மாதிரி ரெண்டு நீரூற்றுகள். இந்தத் தெருவைத் திருத்திப் புதுப்பிக்க வேண்டும் என்று அங்கே கன காலமாகப் பேசுகிறார்கள். பக்கத்தில் இருக்கிற சமாதானச் சதுக்கத்தில் 2024இல் வேலை தொடங்கியும் விட்டது.

எங்களில் ஒருவரும் அங்கே போனதில்லை. இப்போதைக்குப் போகிற வசதியும் இல்லை. இரண்டாம் வருடத்தில் 'பொது இடம் யாருக்கானது?' என்ற தலைப்பில் ஒரு குழு அசைன்மென்ட் வந்தது. ஐந்து பேர் சேர்ந்து செய்தோம். எங்களில் ஒருத்தி ரூத் அசாவாவின் கம்பிச் சிற்பங்களுடைய படங்களைப் பார்த்து மயங்கிப் போயிருந்தாள். அவரில் தொடங்கி, அவர் செய்த நீரூற்றுக்குப் போய், நீரூற்று நிற்கிற தெருவுக்கு வந்து சேர்ந்தோம். அசைன்மென்டைக் கொடுத்து புள்ளியும் வந்தாச்சு. தெருதான் எங்களை விடேல்லை. கன்ரீனில் பிளேன்ரீ குடிச்சுக்கொண்டு இதைப்பற்றிச் சண்டை பிடிச்சதுதான் அந்த செமஸ்டரில் நாங்கள் உருப்படியாகப் படித்தது என்று ஒரு பகிடி எங்களுக்குள்ள இருக்கு.

முதலில் ஒரு விசயம். இந்தத் தெரு பார்க்கிறதுக்குப் பழசாக இருக்கலாம், ஆனால் அது 1976இல் கட்டியது. எங்கட அப்பா அம்மாவின் வயதுதான். 'பாரம்பரியத் தெரு' என்று சொல்லும்போது மனதில் வருகிற நூறு வருடப் பழமை அதன் கற்களில் இல்லை. அந்த நூறு வருடம் வேறெங்கோ கிடக்கிறது. அதைத் தேடித்தான் நாங்கள் பின்னால் போக வேண்டியிருந்தது.

1906 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் பூமி அதிர்ந்தது. தொடர்ந்து வந்த தீ நகரத்தின் பெரும்பகுதியைத் தின்றது. அதுவரை சைனாரவுண் பக்கமும் சவுத் பார்க் பக்கமும் இருந்த யப்பானியர்கள், தீ எட்டாத மேற்குப் பக்கத்து மரவீடுகளைத் தேடிப் போனார்கள். அப்படி உருவானதுதான் நிஹொன்மாச்சி, அதாவது யப்பானியர் ஊர். போருக்கு முன் 5,000 பேருக்கு மேல் அங்கே வாழ்ந்தார்கள். கடைகள், கோயில்கள், பத்திரிகைகள், குளியல் வீடுகள், பிள்ளைகள் பின்னேரத்தில் யப்பானிய மொழி படிக்கிற பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. ஆனால் காணி வாங்க முடியாது. யப்பானில் பிறந்து வந்த முதல் தலைமுறைக்கு அமெரிக்கக் குடியுரிமை எடுக்கும் வழியே சட்டத்தில் இல்லை. குடியுரிமை எடுக்க முடியாதவர் காணி வாங்கக்கூடாது என்று கலிபோர்னியா 1913இல் ஒரு சட்டம் போட்டது. சட்டத்தில் 'யப்பானியர்' என்ற சொல்லே இல்லாமல் யப்பானியரைக் குறி வைத்த சட்டம். அப்படியான சட்டங்களை வாசிக்க நாங்கள் நல்லாப் பழகினவர்கள்.

1942 பெப்ரவரி 19ஆம் திகதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9066 இலக்க ஆணையில் கையெழுத்துப் போட்டார். அதோடு மேற்குக் கரையில் இருந்த ஏறக்குறைய 120,000 யப்பானிய வம்சாவளியினரை முள்ளுக்கம்பிக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவில் பிறந்த அமெரிக்கப் பிரசைகள். கையில் தூக்கக்கூடியதை மட்டும் கொண்டுவரலாம். சான் பிரான்சிஸ்கோக்காரர்களில் பெரும்பாலானோரை முதலில் டான்ஃபோரான் குதிரைப் பந்தயத் திடலுக்குக் கொண்டுபோனார்கள். குதிரை லாயங்களுக்கு அவசரத்தில் வெள்ளையடித்துக் குடும்பங்களை இருத்தினார்கள். பிறகு யூட்டா மாநிலப் பாலைவனத்தில் டோபாஸ் முகாம். அந்த ஏப்ரலில், யப்பான்ரவுணுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் சின்னப் பிள்ளைகள் நெஞ்சில் கை வைத்து அமெரிக்கக் கொடிக்குச் சத்தியம் செய்கிற படத்தை டொரோத்தியா லாங் எடுத்தார். அரசாங்கமே அவரை அனுப்பியது. அவர் எடுத்த படங்களைப் பார்த்த பிறகு அதே அரசாங்கமே அவற்றை மறைத்து வைத்தது.

வெறுமையான வீடுகளில் யார் வந்தார்கள்? போர்க்காலத்தில் கப்பல் கட்டும் தளங்களுக்குக் கூலி தேவைப்பட்டது. அமெரிக்காவின் தென்பகுதியில் இருந்து கறுப்பின மக்கள் வந்தார்கள். மற்ற இடங்களில் அவர்களுக்கு வீடு கொடுக்க ஆளில்லை. அதனால் நிஹொன்மாச்சியின் வெறும் வீடுகளும் பக்கத்து ஃபில்மோர் பகுதியும் நிறைந்தன. கொஞ்சக் காலத்தில் ஃபில்மோர் ஜாஸ் இசைக்குப் பேர்போன இடமாகி, 'மேற்கின் ஹார்லெம்' என்று பெயர் எடுத்தது. 1945இல் முகாம்களில் இருந்து யப்பானியர்கள் திரும்பி வரத் தொடங்கியபோது அவர்கள் இருந்த வீட்டில் வேறொரு குடும்பம் சமைத்துக்கொண்டிருந்தது. அந்தக் குடும்பமும் எங்கேயோ துரத்தப்பட்டு வந்த குடும்பம்தான். இதுக்கு மேல விளக்கம் எங்கட வாசகருக்குத் தேவைப்படாது.

ரெண்டு சமூகமும் எப்படியோ ஒட்டி உறவாடி இருக்கப் பழகின நேரத்தில்தான் மூன்றாவது அடி விழுந்தது. அதன் பெயர் நகரப் புதுப்பிப்பு. 1950களின் நடுப்பகுதியில் இருந்து, நகரத்தின் மீள் அபிவிருத்தி முகவரகம் இந்தப் பகுதியைச் 'சீரழிந்த பகுதி' என்று முத்திரை குத்தி, வீடு வீடாக வாங்கி இடிக்கத் தொடங்கியது. கீரி வீதியை அகலமாக்கி விரைவுச் சாலை மாதிரி ஆக்கினார்கள். அந்த அகலம் யப்பான்ரவுணையும் ஃபில்மோரையும் ரெண்டாகப் பிளந்தது. வெஸ்டர்ன் அடிசன் எனப்படும் அந்தப் பகுதி முழுவதிலும் 883 வியாபாரங்கள் மூடப்பட்டு 4,729 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 1963இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்த ஜேம்ஸ் போல்ட்வின், இந்தப் புதுப்பிப்பு உண்மையில் யாரை அகற்றுவதற்கு என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். முகவரகத்தை 1959 முதல் நடத்திய ஜஸ்டின் ஹெர்மனின் பெயரில் கடற்கரைப் பக்கம் ஒரு சதுக்கம் கனகாலம் இருந்தது. 2017இல் அந்தப் பெயரை எடுக்க முடிவு செய்தார்கள். பெயரை எடுக்கிறது சுகம்.

இடித்த இடத்தில் 1968இல் ஜப்பான் சென்டர் என்ற பெரிய வணிக வளாகம் வந்தது. வடிவமைத்தவர் மினோரு யமசாக்கி. பிறகு நியூயோர்க்கில் இரட்டைக் கோபுரம் கட்டியவர் அவர்தான். வளாகத்தின் நடுவில் ஐந்து அடுக்குச் சமாதானப் பகோடா, ஒசாகா நகரத்தின் அன்பளிப்பு. கீழே வாகனத் தரிப்பிடம். மேலே சதுக்கத்தில் ஊறுகிற தண்ணி கீழே ஒழுகியது பல வருடத் தலையிடியாக இருந்தது, 2024இல் தொடங்கிய சதுக்க வேலைக்கு அதுவும் ஒரு காரணம். வளாகம் அழகா இல்லையா என்று எங்களுக்குள்ளே உடன்பாடு இல்லை. ஆனால் அது பெரிய கம்பனிகளின் பணத்தில், வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழும்பியது என்பதில் ஐந்து பேரும் ஒரே பக்கம்.

எங்கட தெரு இந்த வளாகத்துக்கு எதிர்ப்பக்கம். அந்தப் பக்கத்துக் காணிகளை வெளியாருக்கு விடக்கூடாது என்று உள்ளூர் யப்பானிய அமெரிக்கர்கள் தாங்களே ஒரு அபிவிருத்திக் கழகம் அமைத்து முகவரகத்தோடு பேரம் பேசினார்கள். திட்டம் வரைந்தவர் ராய் ஒக்கமோட்டோ, அந்தக் காலத்தில் நகரத்தின் திட்டமிடல் பணிப்பாளராகவும் இருந்தவர். வாகனத்தை நிறுத்திவிட்டு, ஒரு மலைக்கிராமத்துச் சந்தைத் தெரு மாதிரி ஒன்றை அவர் கற்பனை செய்தார். கல் ஆறு அங்கிருந்து வந்ததுதான்.

இதில் ஒரு முள் இருக்கிறது. உள்ளூர்க் கழகம் என்றாலும் அது காணி வைத்திருந்தவர்களின் கழகம். வாடகைக்கு அறை எடுத்து இருந்த கிழவர்களும், மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருந்தவர்களும் இந்தத் திட்டத்துக்காகவும் வெளியேற வேண்டி வந்தது. 1973இல் இளைஞர்கள் சேர்ந்து 'நிஹொன்மாச்சி வெளியேற்றத்துக்கு எதிரான குழு' ஒன்றைத் தொடங்கி, கட்டடங்களுக்குள் இருந்து போராடினார்கள். அவர்களில் கனபேர் எங்கட வயதுக்காரர். பெற்றோர் முகாமைப் பற்றி வாயே திறக்காத வீடுகளில் வளர்ந்து, ரெண்டாம் தரமும் பெட்டி கட்டச் சொல்லும்போது மாட்டம் என்று சொன்ன பிள்ளைகள். அவர்கள் தோற்றார்கள் என்றுதான் பெரும்பாலும் சொல்ல வேண்டும். ஆனால் இன்றைக்கு இந்தத் தெருவின் கூட்டங்களில் ஆட்கள் எழும்பி நின்று கேள்வி கேட்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடினால், அங்கே போய்த்தான் நிற்கும்.

இனி நீரூற்றுகள். ரூத் அசாவா 1926இல் கலிபோர்னியாவில் ஒரு தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். 1942இல் அவருடைய தகப்பனை எஃப்பிஐ பிடித்துக்கொண்டு போனது. பிறகு ஆறு வருடம் மகள் தகப்பனைக் காணவில்லை. தாயும் பிள்ளைகளும் சாண்டா அனிதா பந்தயத் திடலில் குதிரை லாயத்தில் இருந்தார்கள். அங்கே அடைக்கப்பட்டிருந்தவர்களில் டிஸ்னி நிறுவனத்தில் வேலை செய்த ஓவியர்களும் இருந்தார்கள். பார்வையாளர் படிக்கட்டுகளில் இருந்து அவர்கள் சொல்லிக்கொடுக்க, பதினாறு வயதில் அசாவா வரையப் படித்தார். பிறகு ஆசிரியராக வரப் படித்தார். யப்பானிய முகத்தோடு வகுப்பெடுக்க விட முடியாது என்று பயிற்சிக்கு இடம் மறுத்தார்கள். அதனால்தான் பிளாக் மவுண்டன் கல்லூரிக்குப் போனார். 1947இல் மெக்சிக்கோவில் முட்டை வைக்கிற கம்பிக்கூடை பின்னுகிறவர்களைப் பார்த்து அந்தப் பின்னலைப் படித்தார். எங்களை மயக்கிய கம்பிச் சிற்பங்களின் பிறப்பு அந்தக் கூடைதான்.

ஆறு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, வீட்டுக் குசினியிலும் விறாந்தையிலும் இருந்து வேலை செய்தவர் அவர். 1968இல் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஓவியர்களே வந்து கற்பிக்கிற திட்டமொன்றைத் தொடங்கினார். நகர மத்தியில் ஒரு ஹோட்டலுக்கு முன் அவர் செய்த நீரூற்றில், மாவைப் பிசைந்து பிள்ளைகள் செய்த உருவங்களை வெண்கலத்தில் வார்த்து வைத்தார். ஒசாகா வேயில் நிற்கிற ரெண்டும் காகித மடிப்பில் இருந்து எடுத்த தாமரை வடிவங்கள். சுற்றி உட்காரலாம், பிள்ளைகள் கை போடலாம். 'தொடாதே' என்று பலகை வைக்கிற சிற்பம் அல்ல.

இந்த நீரூற்றுகளுக்கு ஒரு கதை இருக்கிறது, புதுப்பித்தல் பற்றிப் பேசும்போது அதைச் சொல்லாமல் விட ஏலாது. முதலில் அவை துருவே காவலாக நிற்கும் ஒருவகை இரும்பில் செய்யப்பட்டவை. அந்த இரும்பு மழையில் நனைந்து காய்ந்தால் ஒரு படலம் பிடித்து நிற்கும். காயாமல் எப்போதும் தண்ணிக்குள் நின்றால் அந்தப் படலம் உருப்படாது, அரித்துப் போகும். அரித்தும் போனது. 1999இல் அவற்றைத் திரும்ப வெண்கலத்தில் வார்த்தார்கள். அப்படியென்றால் இன்றைக்கு நிற்கிறது அசலா நகலா? எங்கட குழுவில் இதுக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. பொருள் மாறினால் பாரம்பரியம் போச்சு என்றது ஒரு பக்கம். செய்தவர் உயிரோடு இருந்த காலத்தில், அதே மடிப்பில், அதே இடத்தில், அதே மாதிரிப் பிள்ளைகள் ஏறி விளையாட நிற்கிறது என்றால் அதுவே போதும் என்றது மற்றப் பக்கம். நாங்கள் கடைசியில் ரெண்டாவது பக்கம் சாய்ந்தோம்.

அந்தச் சாய்வோடு கற்களைப் பார்த்தால் பதில் கொஞ்சம் சுலபம். கல் ஆறு படத்தில் அழகு. ஆனால் ஐம்பது வருடத்தில் மர வேர் தூக்கி, மண் இறங்கி, ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு உயரத்தில் நின்றால், ஊன்றுதடியோடு வருகிற எண்பது வயது அம்மாவுக்கு அது ஆறு இல்லை, கிடங்கு. சக்கர நாற்காலியில் வருகிறவருக்குச் சொல்லவே தேவையில்லை. முகாமில் பிள்ளைகளாக இருந்து இன்னும் உயிரோடு இருக்கிற தலைமுறைக்கு எல்லாம் இப்போது அந்த வயதுதான். 'ஒரு கல்லிலும் கை வைக்காதே' என்கிற பாதுகாப்பு அந்தத் தலைமுறையையே தெருவுக்கு வெளியே நிறுத்திவிடும். வளைவின் கோட்டை வைத்துக்கொள்ளுங்கோ, கல்லைக் கிளப்பிச் சமனாகத் திரும்பப் பதியுங்கோ, ரெண்டு பக்கமும் இடறாத பாதை விடுங்கோ, வாங்குகளைக் கூட்டுங்கோ, இரவில் வெளிச்சம் போடுங்கோ. இதில் எங்களுக்குள் பெரிய சண்டை வரவில்லை. இவ்வளவும் பொறியியலாளர் வேலை.

சண்டை வந்தது தெருவின் பெயரில். சான் பிரான்சிஸ்கோவும் ஒசாகாவும் 1957இல் இருந்து சகோதர நகரங்கள். பகோடாவும் பெயரும் அந்த உறவின் பிள்ளைகள். 2017இல் சான் பிரான்சிஸ்கோவில், யப்பானிய இராணுவம் போர்க்காலத்தில் பாலியல் அடிமைகளாக வைத்திருந்த பெண்களுக்கு ஒரு நினைவுச்சிலை எழும்பியது. கொரிய, சீன, பிலிப்பைன்ஸ் பெண்கள் மூவர் கைகோர்த்து நிற்க, பக்கத்தில் வயதான ஒரு பெண் அவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிற சிலை. அந்த வயதான பெண், 1991இல் முதலில் வாய் திறந்து சாட்சி சொன்ன கிம் ஹக் சுன். ஒசாகா நகரபிதா இதை ஏற்கவில்லை. 2018 ஒக்டோபரில் அறுபது வருட உறவை ஒரு கடிதத்தோடு முறித்துக்கொண்டார். தெருவுக்குப் பெயர் மட்டும் அப்படியே கிடக்கிறது. புதுப்பிக்கும்போது பெயரையும் மாற்று என்றான் எங்களில் ஒருவன். வேண்டாம், கோபித்துக்கொண்டு போனது ஒரு நகரசபை, ஒசாகாவில் இருந்து வந்து கடை வைத்த மனிதர்கள் இல்லை என்றாள் இன்னொருத்தி. அவள் சொன்னது சரி என்றே இப்போதும் நினைக்கிறோம். யப்பான் அரசாங்கம் செய்ததற்கெல்லாம் கலிபோர்னியாவில் மிளகாய்ச்செடி நட்டுக்கொண்டிருந்தவரைப் பொறுப்பாக்கியதுதானே 1942.

இந்த இடத்தில் எங்கட நாடும் ஒரு சின்னப் பாத்திரத்தோடு உள்ளே வருகிறது. இந்தத் தெருவில் இருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு ஒப்பெரா மண்டபம் இருக்கிறது. 1951 செப்டெம்பரில் யப்பானோடு சமாதான ஒப்பந்தம் செய்கிற மாநாடு அங்கேதான் நடந்தது. இலங்கையின் நிதியமைச்சராகப் போயிருந்த ஜே. ஆர். ஜயவர்தன அதில் பேசினார். புத்தரின் வாக்கை எடுத்துச் சொல்லி, இலங்கை யப்பானிடம் நட்டஈடு கேட்காது என்றார். கைதட்டல் மண்டபத்தை அதிர வைத்ததாம். யப்பானியர் இன்றைக்கும் அதை மறக்கவில்லை, எங்கட நாட்டிலும் பெருமையோடு சொல்லப்படுகிற கதை. நாங்கள் குறை சொல்லவில்லை, அது நல்ல பேச்சுத்தான். ஆனால் அந்த நாளில் மண்டபத்துக்கு வெளியே, நடந்து போகிற தூரத்தில், முகாமில் இருந்து திரும்பிய யப்பானியக் கிழவர்கள் இருந்தார்கள். நாற்பது வருடம் அந்த மண்ணில் உழைத்த பிறகும் பிரசையாக விண்ணப்பிக்க அவர்களுக்கு உரிமை இல்லை. அது 1952இல்தான் வந்தது. எங்களோடு அசைன்மென்ட் செய்த ஹற்றன் பிள்ளை இதை வாசிச்சிட்டு ஒண்டும் பேசாமல் இருந்தாள். பிறகு, "1948 பிரசாவுரிமைச் சட்டம் வரேக்க இவரும் அந்த மந்திரிசபையிலதானே இருந்தவர்?" என்று மட்டும் கேட்டாள். இருந்தவர்தான்.

சரி, தெருவுக்கு வருவோம். சட்டர் வீதி முனையில், தெருவின் ஒரு மூலையில், பெங்கியோடோ என்று ஒரு இனிப்புக் கடை இருந்தது. 1906இல் தொடங்கியது, அதாவது நிஹொன்மாச்சியின் அதே வயது. அரிசிமாவில் செய்கிற மோச்சி, பயறு உள்ளே வைத்த மஞ்சு, ஒரு பக்கம் நீளமான கவுண்டரில் கோப்பியும் சான்ட்விச்சும். சீனச் சாப்பாட்டுக்கடைகளில் கடைசியில் கொடுக்கிற, உள்ளே கடதாசித் துண்டு வைத்த அதிர்ஷ்ட பிஸ்கற் இருக்கிறதே, அதை அந்தக் காலத்தில் கோல்டன் கேட் பூங்காவின் யப்பானியத் தேநீர்த் தோட்டத்துக்குச் செய்து கொடுத்ததும் இவர்கள்தான். 1942இல் மூடி, முகாம் முடிந்து வந்து திறந்து, நகரப் புதுப்பிப்பையும் தாக்குப்பிடித்த கடை. 2022 மார்ச் 31ஆம் திகதி மூடியது. ஒருவரும் துரத்தவில்லை. மூன்றாம் தலைமுறைச் சகோதரர்களுக்கு வயதாகிவிட்டது, எடுத்து நடத்த அடுத்த ஆள் இல்லை. கடைசி நாட்களில் ஆட்கள் விடியமுதல் வந்து வரிசையில் நின்றார்கள்.

நாங்கள் முதலில் எழுதிய திட்டத்தில் எல்லாவற்றுக்கும் வாடகைதான் வில்லன். பெங்கியோடோ அதைக் குழப்பிவிட்டது. கட்டடம் குடும்பத்தினுடையது, வாடகைப் பிரச்சினையே இல்லை. விடியற்காலை எழும்பி மாவு அவிக்கிற வேலைக்குப் பிள்ளைகள் வரவில்லை, அவர்கள் படித்து வேறு வேலைக்குப் போனார்கள். அதற்காகத்தானே அந்தத் தாய்தகப்பன் மாவு அவித்தது. இதை எந்தக் கல்லைப் புரட்டித் திருத்துவது?

ஆனாலும் செய்யக்கூடிய விசயங்கள் இருக்கின்றன. சில ஏற்கெனவே அங்கே நடக்கின்றன. அதே சட்டர் வீதியில் ஜூலியா மோர்கன் வடிவமைத்து 1932இல் கட்டிய ஒரு வீடு, யப்பானியப் பெண்களுக்கான வைடபிள்யூசிஏ. காசு சேர்த்தது முதல் தலைமுறைப் பெண்கள். காணிச் சட்டத்தால் உறுதியை அவர்கள் பெயரில் எழுத ஏலாது, எனவே தலைமை அமைப்பின் பெயரில் எழுதி, இது எங்களுக்காக நம்பிக்கையில் வைத்திருப்பது என்று விட்டார்கள். அறுபது வருடம் கழித்து அந்த அமைப்பு அதை விற்க வெளிக்கிட்டது. சமூகம் வழக்குப் போட்டது, பழைய கூட்டக் குறிப்புகளைத் தேடி எடுத்தது. கடைசியில் 2002இல் இணக்கத்துக்கு வந்து, அங்கே குழந்தைகள் பள்ளி நடத்திக்கொண்டிருந்த நிஹொன்மாச்சி லிட்டில் ஃபிரெண்ட்ஸ் கட்டடத்தை வாங்கியது. இன்றைக்கும் அங்கே பிள்ளைகள் ரெண்டு மொழியில் படிக்கிறார்கள். எங்களுக்கு இந்தக் கதையில் கட்டடக்கலையை விடப் பிடித்தது அந்தக் காணி உறுதிதான்.

2013இல் யப்பான்ரவுணுக்கென்று நகரம் ஏற்றுக்கொண்ட திட்டமொன்று கட்டடங்களோடு நிற்காமல் விழாக்கள், கலைகள், தொழில்கள், கடைகள் எல்லாவற்றையும் பாரம்பரியம் என்று பட்டியல் போட்டது. 2015இல் வந்த மரபு வணிகப் பதிவேடு, முப்பது வருடத்துக்கு மேல் இயங்குகிற கடைகளைப் பதிந்து உதவுகிறது. அப்படியான கடைக்குக் குறைந்தது பத்து வருடக் குத்தகை எழுதிக் கொடுக்கிற கட்டட உரிமையாளருக்கும் உதவித்தொகை உண்டு. எங்கட புள்ளியைக் கொஞ்சம் குறைத்தாலும் பரவாயில்லை என்று நாங்கள் அசைன்மென்டில் எழுதியது இதைத்தான்: தெருவைக் கிண்டுமுன் இந்தக் குத்தகைகளை எழுதி முடியுங்கோ. ஏனெண்டால் தெரு கிண்டும் மாதங்களில் ஆட்கள் வரமாட்டினம், சின்னக் கடைக்கு ஆறு மாதம் வியாபாரம் இல்லாமல் தாக்குப்பிடிக்க ஏலாது. வேலை முடிந்து புதுக் கல்லும் புது விளக்கும் வந்த பிறகு இடத்தின் பெறுமதி ஏறும். ஏறின பெறுமதியில் திரும்பி வருகிறது பழைய கடை இல்லை. அமெரிக்காவில் மிஞ்சியிருக்கிற யப்பான்ரவுண் மூன்றே மூன்று: இதுவும், சான் ஹோசேயும், லொஸ் ஏஞ்சலஸின் லிட்டில் டோக்கியோவும். போருக்கு முன் கலிபோர்னியாவில் மட்டும் டசின் கணக்கில் இருந்தன.

எங்கட லெக்சரர் திருத்தித் தந்த தாளில் ஒரு கேள்வி சிவப்பில் இருந்தது: ஃபில்மோர்க்காரர் எங்கே? நாங்கள் பதினைந்து பக்கத்தில் அவர்களுக்குக் கொடுத்தது ஒரு பந்தி. தெருவின் படங்களிலும் அவர்களைக் காண முடியாது. கீரி வீதியின் அந்தப் பக்கம் நின்றவர்கள் அந்தப் பக்கமாகவே கரைந்து போனார்கள். வீடு இடிக்கும்போது முகவரகம் அவர்களுக்கும் யப்பானியருக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்தது. புது வீடு கட்டினதும் முதலில் உங்களுக்குத்தான் என்று எழுதிய கடதாசி. காணிகள் பல வருடம் வெறுமையாகக் கிடந்தன, ஆட்கள் ஓக்லாண்டுக்கும் அதற்கப்பாலும் போனார்கள், விலாசம் மாறியது, கனபேர் அதைப் பயன்படுத்தாமலே செத்துப் போனார்கள். 2021இல் கலிபோர்னியா சட்டத்தை மாற்றி, அந்த உரிமையைப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நீட்டியது. அந்தக் கடதாசியோடு இப்போது வருகிறவருக்குக் குறைந்த வருமானத்தாருக்கான வீட்டுக் குலுக்கலில் முன்னிடம் கிடைக்கும். பாட்டி இருந்த தெருவில் அல்ல, நகரத்தில் எங்கே வீடு காலியாக இருக்கிறதோ அங்கே.